தோப்பு வழி

அழுகிய தக்காளியின் புளித்த வாடை மற்றவர்களுக்குக் குமட்டும். எனக்கு மட்டும் இன்றைக்கும் அது நெஞ்சுக்குள் குளிர்ச்சியாக இறங்குகிறது, ஏனென்றால் நான் சிறுமியாக இருந்த ஒரு பங்குனியில், சித்தையன்கோட்டைப் பக்கத்துப் பெரிய நிலக்காரர் ஒருவரின் தக்காளிக்காடு முழுக்க அந்த வாடைதான் அடித்தது. அடிக்க வைத்தவள் என் அம்மா.

எங்கள் ஊர் ஒரே தெருவும், மாதா சிலை வைத்த சிறு குகை போன்ற ஒரு கெபியும் கொண்ட சிற்றூர். பஸ் ஓடும் ரோட்டுக்கு வர அந்த மனிதரின் தென்னந்தோப்பைக் கடந்தாக வேண்டும். அதனால் அவர் எங்களுக்குத் "தோப்புக்காரர்". மாட்டுவண்டிகள் போய்வந்த அந்தப் பாதையின் நடுவே அவர் இரண்டு கற்களை ஊன்றிவிட்டதால், நடந்து போகலாம், சைக்கிளை உருட்டலாம், வேறெந்த வண்டியும் நுழையாது.

புளி உலுக்க ஏறிய அப்பா மரத்திலிருந்து விழுந்த அன்று, ஆம்புலன்ஸ் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அம்மா ஓடிப்போய், மோட்டார் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்த தோப்புக்காரரின் காலில் விழுந்தாள்.

"ஐயா, செத்த நேரம் கல்லை எடுத்து விடுங்கய்யா. வண்டி வந்துட்டுப் போயிரட்டும்."

"உங்க ஊர்ல இருக்குறதே இம்புட்டுப் பேரு. அதுக்கு என் தோப்பை ரோடாக்கணுமா? தூக்கிட்டு வாங்க" என்றார் அவர்.

கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, குலுங்கக் குலுங்கத் தூக்கி வந்தார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அப்பா கத்திய கத்தல் தோப்பு முழுக்கக் கேட்டது, தோப்புக்காரருக்கும் கேட்டிருக்கும். திண்டுக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அப்பா அதன்பின் எழுந்து உட்காரவே இல்லை, அடுத்த புளி பழுப்பதற்குள் போய்ச் சேர்ந்தார்.

துக்கம் கேட்க வந்த பெண்களிடம் அம்மா அழவில்லை. "தோப்புக்காரன் தக்காளியை யாரு பறிக்கிறது? நாமதானே? இனி ஒருத்தியும் போகாதீங்க" என்றாள், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பெண்களெல்லாம் எதிர்த்திசையில் வெகுதூரம் நடந்து வேறு காடுகளுக்கு வேலைக்குப் போனார்கள். தோப்புக்காரர் வெளியூரில் ஆள் தேடினால், பறிப்புக் காலத்தில் அவரவர் காட்டிலேயே வேலை தலைக்குமேல் கிடந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போக வந்த லாரி வெறும் பெட்டிகளோடு திரும்பியது, பழம் செடியிலேயே வெடித்து ஒழுகியது, பள்ளிக்கூடம் போகும் வழியில் நாங்கள் நின்று நின்று அந்த வாடையை மூச்சுமுட்ட இழுத்துக்கொண்டோம்.

கடைசியில் அவரே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஏத்தா ஆரோக்கியம், கல்லுதானே? ஆளை விட்டு எடுத்திர்றேன்."

"ஆளு வேணாம். நீங்களே எடுங்க" என்றாள் அம்மா.

மறுநாள் காலை, ஊரே கூடிப் பார்த்திருக்க, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரை போட்டார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது, ஒருவரும் கைகொடுக்கவில்லை. இரண்டாவது கல்லும் சாய்ந்ததும் மூச்சு வாங்க நிமிர்ந்து, "எடுத்துட்டேன்ல? நாளைக்குப் பறிக்க ஆளைக் கூட்டிட்டு வந்திரு" என்றார்.

"கல்லைத்தான் எடுக்கச் சொன்னேன். வேலைக்கு வாரேன்னு எப்பச் சொன்னேன்?"

அம்மா திரும்பி நடந்தாள், அவள் பின்னால் ஊரும் நடந்தது.

பாதை பிறகு தார்ச்சாலையாயிற்று, டவுன் பஸ்ஸும் வந்தது. அதே பஸ்ஸில் ஏறித்தான் என் வயதுக்காரர்கள் எல்லோரும் திருப்பூருக்கும் திண்டுக்கல்லுக்கும் போய்விட்டோம். இன்று தெருவில் பூட்டிய வீடுகளே அதிகம், நாங்கள் நடந்துபோய்ப் படித்த பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். ஆள் ஏறாவிட்டால் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பியதிலிருந்து, அம்மா முட்டிவலியோடு தினமும் அதில் ஏறி, சித்தையன்கோட்டையில் ஒரு டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்புகிறாள். வேறு ஒரு வேலையும் கிடையாது.

என்னோடு வந்து இருக்கச் சொல்லி, போன மாதமும் கூப்பிட்டேன்.

"அந்தாளு இன்னும் தோப்பு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கான்டி. அவன் இருக்குற மட்டும் இந்த பஸ்ஸு அவன் கண்ணு முன்னால போயிட்டு வரணும்" என்றாள்.

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. லீவுக்குப் போகும்போதெல்லாம் அந்த பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் போய்வருகிறேன்.