தலைக் கிறிஸ்துமஸுக்கு வராத மாப்பிள்ளை

சாந்தோம் குப்பத்தில் பிளம்பர் சவரிமுத்துவைத் தெரியாதவர் கிடையாது. மயிலாப்பூர் வீடுகளில் குழாய் அடைத்துக்கொண்டால் அவரைத்தான் தேடுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறினாலும் தவறும். டிசம்பரில் மூங்கில் தப்பையும் கலர் காகிதமும் வாங்கி, சந்து முனையில் ஆள் உயர நட்சத்திரம் கட்டித் தொங்கவிடாமல் இருக்க மாட்டார்.

தொண்ணூற்றாறு மே மாதம் மகள் செலினைக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை பிரிட்டோவுக்கு தி.நகரில் கூரியர் ஆபீசில் வேலை, அடையாறில் குடித்தனம். இந்துக்களுக்குத் தலை தீபாவளி எப்படியோ, குப்பத்துக்குத் தலைக் கிறிஸ்துமஸ் அப்படி. பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தாக வேண்டும். வராவிட்டால், பெண் அங்கே ஒழுங்காக வாழவில்லை என்று சந்தே பேசிவிடும்.

டிசம்பர் பிறந்ததும் வேட்டி, புடவை, பழம் வைத்த தட்டோடு அடையாறு போனார். மாப்பிள்ளை டீ கொடுத்தான். தட்டைத் தொடவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க மாமா. கிறிஸ்துமஸுக்கு நாங்க வரலை."

"இன்னா மாப்ள, லீவு குடுக்கலியா?"

லீவுக்குக் குறைவில்லை. ஆபீஸ் நண்பன் கூட்டிப்போன ஜெபக்கூட்டத்தில் பிரிட்டோ புதிதாகச் சேர்ந்திருந்தான். டிசம்பர் இருபத்தைந்து என்று பைபிளில் எங்கேயும் இல்லை, அது ரோமாபுரிக்காரன் சூரியனுக்குக் கொண்டாடிய நாள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். பச்சை மரம், தோரணம், விளக்கு எல்லாமே இயேசுவைக் கேள்விப்படாத ஜனங்கள் குளிர்காலத்தில் செய்த பூஜையாம். பின்னால் வந்தவர்கள் பேரை மட்டும் மாற்றிக்கொண்டார்களாம்.

"அப்ப ஏசு என்னிக்குத்தான் பொறந்தாரு?"

"யாருக்கும் தெரியாது மாமா."

சவரிமுத்துவுக்குக் கோபம் பொங்கியது. தெருமுனை வரை வழியனுப்ப வந்த செலின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் வீங்கியிருந்தது.

"அவரைத் திட்டாத நைனா. அந்தக் கூட்டத்துக்குப் போன பின்னாடிதான் குடிக்கிறத வுட்டாரு. எனக்கு ஒடம்பு சரியில்லன்னு சந்துல சொல்லிடு."

தட்டோடு பஸ் ஏறினார். பையன் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தார். மனசு ஒப்பவில்லை. அவருடைய அப்பா புது வலையைக் கடலில் போடுமுன் எலுமிச்சம்பழம் அறுத்துவிட்டு, பிறகுதான் சர்ச் தீர்த்தம் தெளிப்பார். பிள்ளை வரம் கேட்டு மாதா கோயிலில் அம்மா தொட்டில் கட்டினாள். பக்கத்துத் தெருப் பெண்கள் அதே தொட்டிலை அம்மன் கோயில் மரத்தில் கட்டினார்கள். யார் முதலில் கட்டியது என்று குப்பத்தில் எவனும் விசாரித்ததில்லை. ரோமாபுரியிலும் அப்படித்தான் நடந்திருக்கும். அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

வீட்டில் மனைவி ஆரோக்கியமேரி குதித்தாள். "அவன் வராங்காட்டி போறான். எம்பொண்ண இட்டாந்துடு."

"தனியா இட்டாந்தா அசிங்கம் அவளுக்குத்தான்டி."

அடுத்த ஞாயிறு வெறுங்கையோடு மறுபடி போனார்.

"மாப்ள, நீ சொன்னது நெஜமாவே இருக்கட்டும். இருபத்தஞ்சு சூரியனுக்கு. ஏசுக்கு நாளு தெரியாது. அப்ப இருபத்தேழு வா. அன்னிக்கு எந்தச் சாமிக்கும் ஒண்ணும் கெடையாது. மாமனார் ஊட்டுல சோறு துன்னக் கூடாதுன்னு பைபிள்ல கீதா?"

பிரிட்டோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதெல்லாம் இல்ல மாமா. ஆனா நட்சத்திரம், கேக்கு…"

"இருக்காது."

வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் சந்து முனை நட்சத்திரம் நினைவுக்கு வந்தது.

இருபத்தாறு சாயங்காலம் ஏணி போட்டு நட்சத்திரத்தை அவரே அவிழ்த்தார். பக்கத்து வீட்டுச் செண்பகம் கேட்டாள், "இன்னா மாமா, புது வருசம் வரைக்கும் எரியுமே?"

"பல்பு பூட்ச்சி. போய் வேலையப் பாரு."



மறுநாள் காலை இருவரும் வந்தார்கள். செலின் வெறும் கயிற்றை அண்ணாந்து பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். ஆரோக்கியமேரி வாசலிலேயே நிறுத்தி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தி சுற்றினாள். பிரிட்டோ கைகட்டி நின்றான். பிறகு மணையில் உட்காரவைத்து, காய்ச்சிய நல்லெண்ணெயை அவன் உச்சியில் வைத்துத் தேய்த்தாள். கண்ணை மூடி, சுகமாகத் தலையைக் கொடுத்தான்.

"சூடு பதமா இருக்கு அத்தை."

சவரிமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். நட்சத்திரமும் கேக்கும் ஆகாதவனுக்கு ஆரத்தி ஆகிறது, எண்ணெய் ஆகிறது. இந்தக் கரையில் ஏசு பேரை யாரும் சொல்வதற்கு முன்பே எத்தனை மாமியார்கள் எத்தனை மாப்பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்திருப்பார்கள்! கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது.

"மாப்ள…"

புருஷன் முதுகுக்குப் பின்னால் நின்ற செலின் பதறி நிமிர்ந்தாள்.

"என்ன மாமா?" என்றான் பிரிட்டோ.

"சீக்கிரம் குளிச்சிட்டு வா. கறி ஆறுது."