ஆமை வாசித்த ஆர்கன்

ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவருக்கு ஆமை என்று பெயர். பாடகர் குழுவின் இளசுகள் வைத்த பெயர். போகப்போகப் பெரியவர்கள் வாயிலும் ஏறிவிட்டது. ஒவ்வொரு அடி முடிந்ததும் மனிதர் சற்று நிறுத்துவார். பாடுகிறவர்கள் அடுத்த அடிக்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருக்க வேண்டும். மழை நாளில் இன்னும் மோசம். பாட்டு முடிவதற்குள் பாதிக் குழந்தைகள் தூங்கிவிடும்.

அவர் மனைவிக்கு இது பெரிய மானக்கேடு. சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு இருந்தும், குழுவின் முன்வரிசையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் அவள். பின்னால் எழும் சிரிப்பு முதலில் அவள் காதில்தான் விழும். வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக் காய்ச்சி எடுப்பாள். கல்யாணம் முடிந்து மணமக்கள் வெளியே நடக்கும்போது மட்டும் விரல் பறக்கிறதே, நாங்கள் பாடினால் என்ன கேடு என்று கேட்பாள். வயதாகிவிட்டது, விரல் மடங்க மாட்டேன் என்கிறது என்பார் அவர். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அவளுக்கு வெந்நீர் வைக்கப் போய்விடுவார்.

கடைசியில் போதகரே வீட்டுக்கு வந்தார். இனிப் பதிவு செய்த இசையை ஒலிபெருக்கியில் போட்டுக்கொள்ளலாம், ஐயா ஓய்வெடுக்கட்டும் என்று தேன் தடவிச் சொன்னார். ஐயா மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை மறுத்திருந்தால் போதகர் பேசாமல் எழுந்து போயிருப்பார்.

"அவங்க சொல்றதும் நியாயம்தானே," என்றாள் அவள்.

அவர் எழுந்து போய் ஆர்கன் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த ஞாயிறுக்குள் படுக்கையில் விழுந்தார். இதயம் பழுது என்றார் மருத்துவர். அவளும் ஆலயத்தை மறந்து அவர் கட்டிலருகிலேயே கிடந்தாள். "இனிமே மழை நாள்ல பாடப் போகாத," என்று ஒருநாள் சொன்னார். மனிதருக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவரை அடக்கம் செய்த அன்று விடாத மழை. அவருக்குப் பிடித்த பாட்டை முழுதாகப் பாடி அனுப்ப வேண்டும், இனி அவருக்குச் செய்ய வேறென்ன இருக்கிறது என்று அவள் பிடிவாதமாகக் குழுவில் போய் நின்றாள். மகள் தடுத்தும் கேட்கவில்லை.

ஒலிபெருக்கி பாட்டைத் தொடங்கியது. முதல் அடி முடிந்ததும் பழக்கதோஷத்தில் அவள் நின்றாள். இசை நிற்கவில்லை. வார்த்தைகளை விழுங்கிக்கொண்டு எட்டிப் பிடித்தாள், மறுபடி பாட்டு நழுவியது. இரண்டாம் சரணத்தில் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. சுற்றிலும் பார்த்தாள். யாருக்கும் மூச்சுத் திணறவில்லை. எல்லோரும் இசையோடு சுகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மூடிக் கிடந்த ஆர்கன் மேல் யாரோ மலர்வளையங்களை அடுக்கியிருந்தார்கள்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். மகள் ஓடிவந்து தோளைப் பிடித்து, என்ன செய்கிறது என்று கேட்டாள்.

"இவங்க நிக்க மாட்டேங்கறாங்கடி," என்றாள், மூச்சுக்கு இடையே. "அப்பா நிப்பாரு. எனக்காகத்தான் நின்னிருக்காரு. நான்தான் அவரைப் போகச் சொன்னேன்."

குழு கடைசிச் சரணத்தைத் தடங்கலில்லாமல் பாடி முடித்தது. பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்தார்கள்.