பழனிச்சாமி சிரித்த சிரிப்பு

எங்கள் ஆலங்குடிப் பக்கம் மச்சான் முறைக்காரன் கேலி செய்தால் கோபப்படக் கூடாது. கோபித்துக்கொண்டவன்தான் அற்பன். எவன் இந்தச் சட்டத்தைப் போட்டானோ, நாசமாய்ப் போக.

பழனிச்சாமி தேங்காய் பறிக்கிறவன். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் தோப்பு மரத்திலிருந்துதான் விழுந்தான். வலது கால் கோணலாகக் கூடிவிட்டது. இப்போது கீழே நின்று தேங்காய் உரிக்கிறான்.

அவன் பெண்டாட்டியின் தம்பி நாகராசு. எந்த விசேஷத்துக்கு வந்தாலும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் கோணல் காலின் நடையை நடந்து காட்டுவான். பந்தலே சிரிக்கும். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவன் பழனிச்சாமி. சிரிப்பு என்றால் சந்தோஷம் என்று எவன் சொன்னான்? பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வாய்தான் விரியும். கண் நாகராசுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், அவனுக்குத் திருப்தியா என்று. பார்க்கவே அருவருப்பாக இருக்கும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏப்பா, ஒனக்கு ரோசமே வராதா?"

"எம் மக பரிசத்துக்கு மாலை போட அவன்தானங்க தாய்மாமன். கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா நான் எங்கிட்டுப் போறது?"

போன ஆவணியில் அந்தப் பரிசம் வந்தது. பெண் இலக்கியா, நர்சிங் படித்தவள். மாப்பிள்ளை வீட்டார் மணமேல்குடியிலிருந்து வேன் பிடித்து வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாலையைக் கையில் வாங்கிய நாகராசு நேரே வந்தானா? வேட்டியைத் தூக்கினான். காலை இழுத்து இழுத்து நடந்தான். புதுச் சம்பந்திகள் முதலில் திருதிருவென்று விழித்தார்கள். பழனிச்சாமி சிரித்ததும், சரி, சிரிக்கலாம்போல என்று அவர்களும் ஆரம்பித்தார்கள். த்தூ. அவன் சிரிப்புதான் ஊருக்கு உத்தரவு.

"அப்பா, நீங்க சிரிக்காதீங்க," என்றாள் இலக்கியா. சத்தம்கூடப் போடவில்லை.

அவன் நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரத்தில் பந்தலே அடங்கிவிட்டது. நாகராசு மட்டும் இன்னும் இரண்டு எட்டு நொண்டினான்.

பழனிச்சாமி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். மாலை போடாமல் போய்விடுவானோ என்ற பயம்.

"மாமா, நேரா நடந்து வந்து மாலையப் போடுங்க. இல்லாட்டி அப்பாவே போடட்டும்."

நாகராசு சுற்றுமுற்றும் பார்த்தான். வேட்டியை இறக்கிவிட்டான். நேராக நடந்து வந்து போட்டான்.

அப்போதுதான் பழனிச்சாமி திரும்பி என் முகத்தைப் பார்த்தான். என் மரத்திலிருந்து விழுந்தவன். என் வாய் இன்னும் இளித்தபடியே இருந்தது.