சிங்கப்பூர் விமானம் போகும் வழி

இன்று மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ்ஸில் வந்தேன். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வரும் தங்கையின் விமானம் எங்கே பறக்கிறது என்று ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "இப்ப எந்த ஊரு மேலம்மா போகுது?"

"மன்னார்குடி மேலதான் அக்கா. அடுத்து வடுவூர். எப்பவும் இந்த வழிதானாம்."

"வடுவூரா? எங்க ஊராச்சே."

அவர் ஃபோனில் நகரும் விமானத்தையே பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர சிங்கப்பூர்லேருந்துதான் பொட்டியில கொண்டாந்தாங்க. நான் திருச்சியில போயி காத்துக்கிட்டு நின்னேன். அவரு நம்ம ஊரத் தாண்டித்தான் வந்திருக்காரு, பாரேன்."

வடுவூரில் இறங்கும்போது என் தோளைத் தொட்டார். "வீட்ட ஒரு தடவ பாத்திருப்பாருல்ல?"

"பாத்திருப்பாருக்கா" என்றேன்.

தங்கை வந்துவிட்டாள். ஜன்னலோர சீட்டு கிடைத்தும், ஒரே மேகமாக இருந்ததால் கீழே ஒன்றுமே தெரியவில்லையாம்.

நீங்களாக இருந்தால் அந்த அக்காவிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?