எந்தப் பக்கம் ஓடுவது

இந்த ஊரில் டீ குடிக்கப் போனால் முதலில் கதை சொல்ல வேண்டும். கடைக்காரர் கிளாசைக் கழுவிக்கொண்டே, "சிலோன்காரரே, அங்க என்னதாங்க நடந்துச்சு?" என்பார். பெஞ்சில் இருப்பவர்கள் பேப்பரை மடித்துவிட்டு என் பக்கம் திரும்புவார்கள். தோட்டத்தில் நம் லயத்து வரிசை வீடுகளில் யாரும் யாரையும் கேட்டதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கும் அதேதான் நடந்திருந்தது. நான் கூச்சக்காரன். எரித்தார்கள், வந்துவிட்டோம் என்று முடித்துக்கொள்வேன். அவர்களுக்கு அது போதாது. கெட்டவர்கள் இல்லை, நமக்காக அழக்கூடியவர்கள். அதுதான் எனக்குச் சங்கடம்.

மலையில் இருக்கும் உங்களுக்கும், என்னைப்போலக் கப்பலேறி வந்து இங்கே சிதறிக் கிடப்பவர்களுக்கும் என் மகள் செல்வியைப் பற்றிச் சொல்ல நினைக்கிறேன். அரியலூருக்கும் கீழப்பழுவூருக்கும் நடுவில் ஒரு கிராமத்தின் காலனியில் இருக்கிறோம். என் அப்பா சிறுபிள்ளையாக இதே ஊரிலிருந்துதான் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். அதனால் நாங்கள் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

எண்பத்து மூன்றில் லயத்துக்குத் தீ வைத்தபோது தேயிலைச் செடிகளுக்குள் படுத்துத் தப்பினோம். செல்விக்கு அப்போது ஒன்பது வயது. சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று அவள் வாயைப் பொத்தியிருந்தேன். கையை எடுத்த பிறகும் அவள் பேசவில்லை. வீட்டில் ஒன்றிரண்டு சொல் வரும். வெளியாரிடம் அதுவும் கிடையாது.

இங்கே பள்ளியில் சேர்த்தேன். இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கவனிக்கவென்று பள்ளியில் தனியாக யாரும் இல்லை. பயந்திருக்கிறாள், மந்திரித்துவிடுங்கள் என்றார்கள். மந்திரித்தோம். வகுப்பு டீச்சர் அமுதா மட்டும் வேறு விதம். செல்வியைக் கதவோரம், வெளியே பார்க்கிறபடி உட்காரவைத்தார். பெயர் கூப்பிடும்போது வாய் திறக்க வேண்டாம், கையைத் தூக்கினால் போதும் என்றார். நடந்ததைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பல மாதம் கழித்து ஒருநாள், தண்ணீர் வேண்டும் என்று செல்வி அவர் காதில் சொன்னாளாம். அதைச் சொல்வதற்காக டீச்சர் காலனி வரை நடந்து வந்தார்.

பிறகு பள்ளியில் நமக்காக ஊர்வலம் நடத்த முடிவு செய்தார்கள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். செல்வி முன்வரிசையில் வரட்டும், கடைசியில் கொடும்பாவிக்கு அவளே தீ வைக்கட்டும் என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கியது.

"தீயப் பாத்தா நடுங்குவா சார்."

"அதனாலதாங்க சொல்றேன். அவ கையால வெச்சாத்தான் அவ நெஞ்சு ஆறும்."

அமுதா டீச்சரும் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தார். அவரைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டேன். தோட்டத்தில் துரையிடம் எப்படி நின்றேனோ, இங்கே சாரிடமும் அப்படியே நின்றேன்.

ஊர்வலத்தன்று செல்வி தீப்பந்தத்தை வாங்கவில்லை. வேறு யாரோ வைத்தார்கள். வைக்கோல் பொம்மை பற்றிக்கொண்டதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். செல்வி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துவிட்டாள். தலைமையாசிரியர்தான் முதலில் ஓடிவந்து தூக்கினார். "ஒண்ணுமில்ல பாப்பா, நம்ம ஆளுங்கதான், நம்ம ஆளுங்கதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்றோடு அவள் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். டீச்சர் சாயங்காலங்களில் வந்து சற்று நேரம் இருந்துவிட்டுப் போவார். முந்தாநாள் செல்வி தானாகவே வாய் திறந்தாள்.

"டீச்சர், இங்க அவங்க வந்தா எந்தப் பக்கம் ஓடுறது?"

டீச்சர் சுற்றிலும் பார்த்தார். கடலை பிடுங்கிய வெறுங்காடு. மறைவுக்கு ஒரு செடி இல்லை.

"எங்க வூட்டுக்கு ஓடியா. வா, வழி காட்டுறேன்."

அவள் எழுந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் பின்னால் நடந்தேன். ஊர்த்தெரு முனை வந்ததும் என் கால் நின்றுவிட்டது. வேலை இல்லாமல் காலனிக்காரர் அந்தத் தெருவுக்குள் போவதில்லை. என் தாத்தா இங்கே தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நுழைவாராம். இப்போது அப்படி யாரும் சொல்வதில்லை.

செல்வி திரும்பிப் பார்த்தாள். "அப்பாவும் ஓடியாரலாமா டீச்சர்?"

"வரலாம்மா."

சொல்லும்போது டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு வாசலைப் பார்த்தார்.

ஒரு கை டீச்சரிடம் இருக்க, மறு கையை என் பக்கம் நீட்டியபடி செல்வி காத்திருந்தாள். நான் தோளில் துண்டோடு முனையிலேயே நின்றேன்.