மறியல் நாளில் எழும்பிய சுவர்

தங்கதுரை இருபத்திரண்டு வருடமாக மேஸ்திரி. அவர் நூல் பிடித்துக் கட்டிய சுவர் கோணியதாக ஒருவரும் சொன்னதில்லை. கல்வராயன் மலையில் பள்ளி விடுதி கட்டப் போனபோதுதான் கம்பெனி அவர் போனில் ஒரு செயலியை ஏற்றி உயிரை வாங்கியது. அன்றாட வேலையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். படம் போய்ச் சேரும் நாள்தான் வேலை நடந்த நாள். சேராவிட்டால் அன்று எல்லோரும் தூங்கியதாகக் கணக்கு. மலையிலோ டவரே கிடையாது.

பத்து நாள் வெயிலில் காய்ந்து, சுவரெழுப்பி, கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் கான்கிரீட்டும் போட்டார். பதினோராம் நாள், ‘ஏன் வேலையே நடக்கவில்லை?’ என்று கேட்டு சிமென்ட் லாரிக்காரர் மூலம் கம்பெனியின் நோட்டீஸ் வந்தது.

மறுநாள் காலையில் விளக்கம் சொல்ல ஆபீசுக்குக் கிளம்பினார். இட ஒதுக்கீடு கேட்டு அன்று ஊரெங்கும் மறியல். ஆட்கள் யாரும் வேலைக்கு வரவில்லை. அவர் ஏறிய பஸ்ஸும் சின்னசேலத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அங்கே டவர் இருந்தது. பத்து நாளாக எடுத்து, அனுப்ப முடியாமல் தேங்கிக் கிடந்த படங்களெல்லாம் போனிலிருந்து மளமளவென்று கிளம்பிப் போயின.

உடனே மேனேஜர் அழைத்தார்.

“தங்கதுரை! ஒரே நாள்ல லிண்டல் வரைக்கும் முடிச்சிட்டீங்களே!”

“சார், நான் மறியல்ல மாட்டிக்கினு பஸ்ஸுல ஒக்காந்துகினு இருக்கேன். இன்னிக்கு ஒரு செங்கல்லுகூட வெக்கல.”

“டேட்டா பொய் சொல்லாதுங்க. நாளைக்கும் இதே வேகம் வேணும்.”

தங்கதுரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்படின்னா நாளிக்கும் மறியல் நடக்கணும்னு வேண்டிக்கோங்க சார்!”