அழுகிய முட்டையின் நாற்றம்

மயிலாப்பூரில் சயன்ஸ் வாத்தியாராக இருந்தபோது நான் செய்த அக்கிரமம் இது. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டைபோல் நாறும் என்று வருஷா வருஷம் வகுப்பில் ஒப்பித்தேன். எங்கள் வீட்டிலோ முட்டை நுழைந்ததே கிடையாது.

பையன்களுக்குப் பாடத்தில் ருசி ஏற்படட்டும் என்று, ஒரு வருஷம் நாலாம் பாரம் வகுப்பில் அந்த வாயுவைச் செய்தே காட்டத் துணிந்தேன். அது பட்டால் கறுக்கும் என்று காட்ட, ஈய உப்புக் கரைசலில் நனைத்த தாளை மேஜைமேல் வைத்தேன். குடுவையில் அமிலம் ஊற்றித் தக்கையால் அடைத்தேன். வாயு முழுவதும் குழாய் வழியே ஜாடிக்குள் போவதாக நம்பினேன்.

சற்று நேரத்தில் குடலைப் புரட்டும் நாற்றம். முன் பெஞ்சில் மீனவர் வீட்டுப் பையன் மரியதாஸ் இருந்தான்.

"வெளில போடா. நாளைலேர்ந்து குளிச்சுட்டு வா" என்றேன். வகுப்பு சிரித்தது.

அவன் கதவருகே போய்த் திரும்பினான். "இது மீன் நாத்தம் இல்ல சார். அழுவுன முட்ட நாத்தம். உங்க புட்டிலேர்ந்துதான் வருது. நாளைக்கு ஒண்ணு எடுத்தாறேன், மோந்து பாருங்க."

மேஜையைப் பார்த்தேன். தாள் கறுத்திருந்தது. தக்கை சரியாகப் பொருந்தவில்லை.

"எதிர்த்தா பேசறே?" என்று கதவைச் சாத்தினேன். தாளைக் கசக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, சோதனை சரியாக வரவில்லை என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

சோதனை அருமையாக வந்திருந்தது. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் வெளியே வெயிலில் நின்றான். மற்றவன் அதற்குப் பிறகும் இருபது வருஷம் சயன்ஸ் சொல்லிக்கொடுத்தான்.